சாட்டின் பெயின்ட் கார்: கழுவுவது முதல் கறை எடுப்பது வரை முழு வழிகாட்டி

பளபளப்பான பெயின்டில் மெல்லிய கோடு விழுந்தால் பாலிஷ் போட்டு எடுத்துவிடலாம். பளபளப்புக்கும் மேட் எனப்படும் மங்கல் பூச்சுக்கும் நடுவே நிற்கும் சாட்டினில் அந்த வழியே கிடையாது. இதன் கிளியர் கோட்டில், அதாவது நிறத்தின் மேல் அடிக்கும் நிறமற்ற பூச்சில், மிக நுண்ணிய சிலிக்கா துகள்கள் கலந்திருக்கின்றன. மேற்பரப்பு கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளமாக இருப்பதால்தான் வெளிச்சம் சிதறி, அந்த மங்கலான மினுமினுப்பு வருகிறது. அழுத்தித் தேய்த்தால் மேடு மழுங்கும், மெழுகு பூசினால் பள்ளம் அடைபடும். எது நடந்தாலும் அந்த இடம் மட்டும் எண்ணெய் தடவியதுபோலப் பளபளக்கும். தேய்ந்துபோன அம்மியையாவது கொத்திக்கொள்ளலாம், மழுங்கிய மேட்டைத் திரும்பக் கரடாக்க வழியில்லை. அந்த பேனலை (கதவு, பானட் போன்ற தனிப் பகுதியை) முழுதாக மறுபடி அடிக்க வேண்டியதுதான்.

ஆகவே கீழே உள்ள வரிசை முழுவதும் ஒரே நோக்கத்துக்காக: அழுக்கை ஊறவைத்து இளக்குவது, கை படுவதைக் குறைப்பது. புதிதாக வாங்கியவர்கள் பெரும்பாலும் சறுக்குவது பொருளில் இல்லை, வரிசையில்தான்.

1. காரில் இருப்பது பெயின்டா, ஃபிலிமா?

சாட்டினாகத் தெரியும் கார்கள் மூன்று வகை. தொழிற்சாலையிலேயே அடித்த பெயின்ட், பளபளப்பான பெயின்டின் மேல் ஒட்டிய சாட்டின் பிபிஎஃப் (பெயின்டைக் காக்கும் ஃபிலிம்), வினைல் ராப் (நிறம் மாற்ற ஒட்டும் ஃபிலிம்). ஸ்கோடா குஷாக் மேட் எடிஷன், கியா செல்டோஸ் எக்ஸ்-லைனின் மேட் நிறம், மஹிந்திரா பிஇ 6-இன் சாட்டின் நிறங்கள் எல்லாம் முதல் வகை.

பழைய கார் வாங்கியிருந்தால் கதவைத் திறந்து அதன் உள்விளிம்பைப் பாருங்கள். பெட்ரோல் மூடியின் உட்பக்கத்தையும் பாருங்கள். வெளியே சாட்டின், உள்ளே பளபளப்பு, விளிம்பில் நகத்துக்குத் தட்டுப்படும் ஓரம் என்றால் அது ஃபிலிம். கழுவும் முறை மூன்றுக்கும் ஒன்றுதான். ஆனால் ஃபிலிமின் ஓரத்தில் பிரஷர் வாஷரை அடித்தால் அது கிளம்பிவிடும், தார் எடுக்கும் கரைப்பான் பட்டால் பசை இளகும். இன்னொரு பக்கம், ஃபிலிம் கெட்டால் உரித்துப் புதிதாக ஒட்டலாம். பெயின்டுக்கு அந்தச் சலுகை இல்லை.

2. முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டியவை

ஷாம்பு முதலில். பிஹெச் நடுநிலையாக, மேட் பெயின்டுக்கு ஏற்றது என்று லேபிளில் எழுதியிருக்க வேண்டும். ‘வாஷ் அண்ட் வாக்ஸ்’, ‘கிளாஸ் என்ஹான்சர்’ (பளபளப்பு கூட்டுவது) என்று எழுதியிருந்தால் திருப்பி வைத்துவிடுங்கள். பாத்திரம் கழுவும் திரவமும் துணி துவைக்கும் பவுடரும் வேண்டாம். அவை பாதுகாப்புப் பூச்சின் ஆயுளைக் குறைக்கும், பவுடரில் கரையாமல் நிற்கும் துகள் மேற்பரப்பையும் உரசும்.

வாளி மூன்று வேண்டும். ஷாம்புத் தண்ணீருக்கு ஒன்று, கையுறையை அலச ஒன்று, சக்கரத்துக்கென்று தனியாக ஒன்று. முதல் இரண்டின் அடியிலும் கிரிட் கார்டு எனப்படும் துளைத்தட்டு போடுங்கள். மண் அதன் கீழே தங்கிவிடும், கையுறையோடு திரும்ப மேலே வராது.

மைக்ரோஃபைபர் கையுறை இரண்டு: காரின் மேல்பாதிக்கு ஒன்று, கீழ்ப்பாதிக்கு ஒன்று. உலர்த்த 800 ஜிஎஸ்எம்-க்கு (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற துணியின் கனம்) மேற்பட்ட பெரிய துண்டு ஒன்று, கறை எடுக்க 350 ஜிஎஸ்எம் சிறு துணிகள் ஏழெட்டு. 2 லிட்டர் பம்ப் ஸ்ப்ரேயர், ஃபோம் கேனன் அல்லது கையால் பம்ப் செய்யும் ஃபோமர், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் ஒரு டிடிஎஸ் மீட்டர்.

துணிகளைத் துவைக்கும்போது ஃபேப்ரிக் கண்டிஷனர் சேர்க்காதீர்கள். அது இழையில் படிந்து தண்ணீரை உறிஞ்ச விடாது, காரிலும் எண்ணெய்ப்பசை போலத் தீற்றும்.

3. தண்ணீரை அளந்து பாருங்கள்

தமிழ்நாட்டில் பலர் தோற்பது இங்கேதான். போர்வெல் தண்ணீரின் டிடிஎஸ் ஆயிரத்தைத் தாண்டும் இடங்கள் நிறைய உண்டு. அந்தத் தண்ணீர் பேனல் மேல் காய்ந்தால் சுண்ணாம்பும் உப்பும் வெள்ளை வளையமாக நிற்கும். பளபளப்பான காரில் அதை லேசாக பாலிஷ் செய்து எடுப்பார்கள். இங்கே எடுக்க முடியாது.

முழுக் காரையும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும் என்பதில்லை. அழுக்கு நீக்குவதற்கு போர்வெல் போதும், காயவிடாமல் வேலையை நடத்தினால் சரி. கடைசி அலசலுக்கு மட்டும் டிடிஎஸ் 50-ஐ ஒட்டிய தண்ணீர் 6 முதல் 8 லிட்டர் வைத்துக்கொள்ளுங்கள். ஆர்ஓ இயந்திரத்தின் குடிநீர் பெரும்பாலும் இதற்குச் சரிப்படும், மீட்டர் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

பலர் செய்யும் தவறு ஒன்று: ஆர்ஓ-வின் கழிவுக் குழாயில் வருவதைச் சேர்த்து வைத்துக் கார் கழுவுவது. தண்ணீரைச் சேமிக்கும் எண்ணம் நல்லதுதான், ஆனால் அதில் இருப்பது வீட்டுக்கு வந்த தண்ணீரைவிடச் செறிவான உப்பு. வாசல் தெளிக்க வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பதில் ஏசி குழாயில் சொட்டுவதைப் பிடியுங்கள். அது காற்றிலிருந்து குளிர்ந்து வடிந்த நீர் என்பதால் டிடிஎஸ் மிகக் குறைவு. தூசு இருக்கும், வேட்டித் துணியில் வடிகட்டினால் போதும். கோடைக்காலத்தில் இரவு முழுக்க ஓடும் ஒரு ஏசி கடைசி அலசலுக்கான நீரைச் சிரமமில்லாமல் கொடுத்துவிடும்.

4. நேரம், இடம்

நிழல் வேண்டும். பானட்டில் புறங்கையை வைத்தால் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். காலை ஏழரைக்குள் முடிப்பது நல்லது. ஓட்டிவிட்டு வந்தவுடன் கழுவாதீர்கள். என்ஜின் சூட்டில் பானட்டின் மேல் ஷாம்பு காய்ந்து திட்டுத்திட்டாகும்.

5. சக்கரம் முதலில்

சக்கரத்தைக் கடைசியில் கழுவினால் பிரேக் தூசு கலந்த தண்ணீர் சுத்தமான கதவுகளில் தெறிக்கும். அதனால் முதலில் அதை முடியுங்கள், அதற்கான வாளியையும் தூரிகையையும் தனியாக வையுங்கள். அலாய் கிளீனர் அமிலமாகவோ காரமாகவோ இருந்தால் ஃபெண்டரில் சிதறாமல் துணியில் ஊற்றித் துடையுங்கள்.

டயர் பாலிஷ் போடுபவர்கள் கவனிக்க: சிலிக்கான் பாலிஷை டயரில் வழிய விட்டால், வண்டி ஓடியதும் கதவின் கீழ்ப்பகுதியில் பொட்டுப் பொட்டாகத் தெறிக்கும். சாட்டினில் இது கருத்த புள்ளியாகத் தெரியும். போடத்தான் வேண்டும் என்றால் நீர் சார்ந்ததை மெல்லியதாகத் தடவி, அரை மணி கழித்துத் துடைத்துவிட்டு வண்டியை எடுங்கள்.

6. தொடாமல் கழுவுவது

முதலில் வெறும் தண்ணீர், மேலிருந்து கீழாக. பிரஷர் வாஷர் என்றால் 40 டிகிரி நாசில், பேனலிலிருந்து ஒன்றரை அடி தூரம், அழுத்தம் 100 பாருக்கு மேல் வேண்டாம். ஒரே இடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருங்கள்.

பிறகு நுரை. ஒரு லிட்டர் ஃபோம் கேனன் பாட்டிலில் 60 முதல் 100 மில்லி ஷாம்பு, மீதி தண்ணீர். நுரையைக் கீழிருந்து மேலாக அடியுங்கள். அதிக அழுக்கு உள்ள கீழ்ப்பகுதிக்குக் கூடுதல் நேரம் ஊற இடம் கிடைக்கும். 3 முதல் 5 நிமிடம் விடுங்கள். நுரை வழியும்போது பழுப்பு நிறக் கோடுகள் இறங்குவது தெரியும். அந்த மண்தான் கையுறைக்கடியில் மாட்டினால் கோடு போடுவது. நுரை காய்வதற்குள் அலசிவிடுங்கள்.

வாரம் ஒருமுறை கழுவும், நல்ல கோட்டிங் உள்ள காருக்குப் பல வாரங்களில் இந்தப் படியோடு நிறுத்திக்கொள்ளலாம். லேசான மங்கல் மிச்சமிருந்தாலும் அடுத்த முறை போய்விடும். ஒவ்வொரு தடவையும் கையுறை போட்டே ஆக வேண்டும் என்பதில்லை.

7. கையுறையோடு

10 லிட்டர் தண்ணீருக்கு 20 முதல் 30 மில்லி ஷாம்பு, லேபிள் வேறு அளவு சொன்னால் அதன்படி. கூரை, கண்ணாடிகள், பானட், டிக்கி, கதவுகளின் மேல்பாதி என்று முடித்துவிட்டு, கையுறையை மாற்றிக் கீழ்ப்பாதிக்கும் பம்பருக்கும் போங்கள்.

கையுறை அதன் சொந்த எடையில் வழுக்கிப் போக வேண்டும். அழுத்தாதீர்கள். வட்டமாகச் சுழற்றாமல், காற்று வண்டி மேல் ஓடும் திசையில் நேராக இழுங்கள். ஒரு பேனல் முடிந்ததும் அலசும் வாளியில் துளைத்தட்டு மேல் உரசிவிட்டுத்தான் ஷாம்பு வாளிக்குள் விட வேண்டும். கையுறை கீழே விழுந்தால் அன்றைக்கு அதற்கு ஓய்வு. அலசி எடுத்தாலும் ஒரு மணல் மிச்சமிருக்கும்.

ஒட்டியிருக்கும் எதையும் இந்தக் கட்டத்தில் கையுறையால் சுரண்டாதீர்கள். பானட்டில் நீள்வட்டமாகப் பளபளக்கும் திட்டு இருந்தால், அங்கே யாரோ பூச்சியைத் தேய்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

8. அலசி உலர்த்துவது

போர்வெல் தண்ணீரில் அலசியதும், காய இடம் கொடுக்காமல் சேர்த்து வைத்த நல்ல தண்ணீரைப் பம்ப் ஸ்ப்ரேயரில் நிரப்பிக் கூரையிலிருந்து கீழாக வழியவிடுங்கள். முன்பு நின்ற உப்புத் தண்ணீரை இது தள்ளிக்கொண்டு போகும்.

பிளோயர் இருந்தால் முதலில் கண்ணாடி மடிப்பு, கைப்பிடி, லோகோ, நம்பர் பிளேட் சந்துகளை ஊதுங்கள். பிறகு பெரிய துண்டை பேனல் மேல் விரித்து, உள்ளங்கையால் ஒற்றி எடுங்கள். துடைக்காதீர்கள். சுத்தமாகத் தெரியும் காரில்கூட கொஞ்சம் தூசு மிச்சமிருக்கும், ஈரத்துண்டை இழுத்தால் அது உரசும்.

9. கறை ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி

எதையும் முதலில் பம்பரின் அடிப்பக்கம் போன்ற மறைவான இடத்தில் சோதியுங்கள்.

*பறவை எச்சம்.* கார் வெயிலில் நிற்கும்போது கிளியர் கோட் இளகி விரிகிறது. எச்சம் காய்ந்து இறுகுகிறது. வண்டி குளிரும்போது கிளியர் கோட் அந்த இறுகிய உருவத்தைச் சுற்றிச் சுருங்கி, அச்சு விழுகிறது. அதனால் பார்த்த உடனே எடுப்பதுதான் மருந்து. டேஷ்போர்டில் ஒரு சிறு ஸ்ப்ரே பாட்டிலும் இரண்டு துணியும் எப்போதும் இருக்கட்டும். ஈரத்துணியை எச்சத்தின் மேல் போர்த்தி 5 நிமிடம் விடுங்கள். பிறகு துணியின் நான்கு மூலையையும் கூட்டிக் கிள்ளி எடுப்பதுபோல் மேலே தூக்குங்கள். காகம் அரிசியும் விதையும் கல்லும் தின்னும், பக்கவாட்டில் இழுத்தால் அவ்வளவும் உப்புத்தாளாகும்.

*ஈசல், பூச்சி.* மழைக்கு மறுநாள் இரவு நெடுஞ்சாலையில் ஓட்டினால் முன்பம்பர் முழுக்க அப்பியிருக்கும். அன்றிரவே ஈரத்துணி போர்த்தி 10 நிமிடம், தேவைப்பட்டால் இன்னொரு முறை. சிறகு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தால் நுரை பார்த்துக்கொள்ளும்.

*தார்.* தார் ரிமூவரைக் காரில் தெளிக்காமல் துணியில் நனைத்து, புள்ளி மேல் ஒரு நிமிடம் வைத்து ஒற்றுங்கள். பழுப்பாக இளகி வரும். துணியின் புதிய பக்கத்தைத் திருப்பித் திருப்பி ஒற்றி, உடனே ஷாம்புத் தண்ணீரால் கழுவுங்கள். மண்ணெண்ணெயும் பெட்ரோலும் வேண்டாம், கறை போனாலும் எண்ணெய் நிழல் தங்கும்.

*உப்பு வளையம்.* வெள்ளை வினிகரும் ஆர்ஓ தண்ணீரும் சம பங்கு. துணியை நனைத்து ஒரு நிமிடம் மேலே வைத்து, தாராளமாக அலசுங்கள். இரண்டு முறைக்கும் போகாத வளையம் கிளியர் கோட்டிலேயே பதிந்துவிட்டது, அதற்கு மேல் போராடாதீர்கள்.

*துருத்துகள், பிசின்.* ரயில் பாதைக்கோ வெல்டிங் பட்டறைக்கோ பக்கத்தில் நிறுத்துபவர்களுக்குச் செம்புள்ளிகள் வரும். பிஹெச் நடுநிலையான அயர்ன் ரிமூவரை நிழலில் தெளித்து, ஊதா நிறமாக வழிந்ததும் காயுமுன் கழுவலாம். கிளே பார் எனப்படும் களிமண் கட்டி வேண்டாம். அது உரசித்தான் எடுக்கிறது. மாமரத்தின் கீழே நிறுத்தாதீர்கள், அந்தப் பால் பட்ட இடம் மிஞ்சுவது அபூர்வம்.

10. பூஜை நாளில்

புதுக் கார் பூஜையிலும் ஆயுத பூஜையிலும் மஞ்சள், சந்தனம், குங்குமம் எல்லாம் பானட்டில்தான் விழும். வெள்ளை, சாம்பல் சாட்டினில் மஞ்சள் பள்ளங்களுக்குள் இறங்கிவிடும். பதறிப்போய்த் துணி சோப்பால் தேய்த்தால் மஞ்சள் செங்காவியாக மாறும். சோப்பின் காரம் பட்டால் மஞ்சள் சிவப்பது இயல்பு, கறை பெருகிவிட்டது என்று இன்னும் அழுத்தித் தேய்ப்பதுதான் பெயின்டைக் கெடுக்கிறது.

தண்ணீரை ஊற்றிக் கழுவி, நடுநிலை ஷாம்பு நுரையில் ஊறவைத்து அலசுங்கள். மிச்ச மஞ்சளை வெயில் பார்த்துக்கொள்ளும், அந்த நிறம் சூரிய ஒளியில் தானே வெளுக்கும். இரண்டு மூன்று பகல் பொறுங்கள். அதைவிட நல்லது, முன்கூட்டியே அர்ச்சகரிடம், “சாமி, பொட்டு கண்ணாடியில வச்சிடுங்க” என்று சொல்லிவிடுவது. யாரும் மறுப்பதில்லை. மாலையை பானட்டில் செல்லோடேப் போட்டு ஒட்டவிடாதீர்கள், கிரில்லில் கட்டச் சொல்லுங்கள்.

11. பாதுகாப்புப் பூச்சு

மேட் பெயின்டுக்கென்றே தயாரித்த ஸ்ப்ரே சீலன்ட் சில மாதம் தாங்கும், வீட்டிலேயே போடலாம். துணியில் தெளித்து பேனலில் பரப்பி, உலர்ந்த துணியால் ஒற்றித் துடையுங்கள்.

செராமிக் கோட்டிங் என்றால் அனுபவப்பட்டவரிடம் கொடுங்கள். அதிகமாகப் பூசி சரியாகத் துடைக்காத இடம் இறுகி, கருத்த தீற்றலாக நிற்கும். பளபளப்பான காரில் அதை பாலிஷ் செய்து எடுத்துவிட்டு மறுபடி போடுவார்கள். சாட்டினில் அந்தத் தீற்றல் உங்களோடேயே இருக்கும். கடற்கரை ஊர்களின் ஈரப்பதத்தில் கோட்டிங் சீக்கிரம் இறுகும் என்பதால், ஒரே சமயத்தில் இரண்டடிக்கு இரண்டடி பரப்புக்கு மேல் எடுக்கக் கூடாது. போடுபவர் “முதல்ல லேசா ஒரு கம்பவுண்டு ஓட்டிடறோம்” என்றால், அது தேய்த்து எடுக்கும் பாலிஷ், சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

பணம் இருந்தால் என் ஓட்டு சாட்டின் பிபிஎஃப்-க்குத்தான். கோட்டிங் கறையைச் சுலபமாக்கும், ஆனால் கல் தெறிப்பையும் துணி உரசி விழும் கோடுகளையும் தடுக்காது. முழுக் காருக்குச் செலவு பெரிது. முன்பம்பர், பானட், கைப்பிடிக் குழிவுகளுக்கு மட்டும் போட்டாலும் பாதிக் கவலை குறையும். ஃபிலிம் சாட்டின்தானா என்று சாம்பிள் துண்டைக் காரில் வைத்துப் பாருங்கள். வெளிப்படையான சாதா ஃபிலிம் ஒட்டினால் கார் பளபளப்பாகிவிடும்.

12. மற்றவர்கள் கை படாமல்

அடுக்குமாடியில் தினமும் காலையில் கார் துடைப்பவர் ஒரே வாளித் தண்ணீரிலும் ஒரே துணியிலும் பத்துக் காரை முடிப்பார். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, ஆனால் பத்தாவது காருக்கு வருவது முந்தைய ஒன்பதின் மண். மாதச் சம்பளத்தை நிறுத்த வேண்டாம், “அண்ணே, கண்ணாடியும் உள்பக்கமும் போதும், பாடியைத் தொடாதீங்க” என்று சொல்லிவிடுங்கள். இறகுத் துடைப்பமும் இதே கணக்குதான்.

வெளியே நிறுத்தும் காருக்கு கவர் போடுவது இன்னொரு பொறி. காற்றில் கவர் அசைய அசைய, அடியில் உள்ள தூசு பானட் ஓரத்தையும் கதவின் மடிப்பையும் தேய்த்து மினுக்கிவிடும். தூசு படிந்த காருக்குக் கவர் போடவே கூடாது.

டெலிவரிக்கு முன்பே ஷோரூமில் எழுத்தாகச் சொல்லுங்கள்: பாலிஷ், டெஃப்ளான் கோட்டிங், வாட்டர் வாஷ் எதுவும் வேண்டாம் என்று. சர்வீஸுக்கு விடும்போது ஜாப் கார்டிலும் அதையே எழுதி, ஸ்டீயரிங்கில் ஒரு தாளும் ஒட்டிவிடுங்கள். அட்வைசர் தலையாட்டுவார், கழுவும் பையனுக்கு அந்தச் செய்தி போய்ச் சேராது. அடிப்பாகத்துக்கு டீசல் அடிக்கும் பட்டறைகளில் விடவே வேண்டாம், அந்தப் புகைத்துளி பக்கப் பேனல்களில் படியும்.

13. பளபளக்கும் திட்டு தெரிந்தால்

பயப்படுவதற்கு முன் ஒரு சோதனை. ஐசோபுரோபைல் ஆல்கஹால் 1 பங்கு, ஆர்ஓ தண்ணீர் 5 பங்கு கலந்து, நனைத்த துணியால் திட்டை மெல்ல ஒற்றுங்கள். மங்கினால் அது கைரேகை, சன்ஸ்கிரீன், மெழுகு, டயர் பாலிஷ் போன்ற எண்ணெய்ப்பசை. ஷாம்பு போட்டு முடித்துக்கொள்ளலாம். அசையாமல் பளபளத்தால் மேற்பரப்பு மழுங்கிவிட்டது. கல் தெறித்த சிறு குழிக்கு மட்டும் பல்குத்தி நுனியில் டச்அப் பெயின்டைத் தொட்டு குழிக்குள் வையுங்கள், சுற்றிலும் பரப்பாதீர்கள். பளபளப்பான கிளியரை அதன் மேல் அடிக்காதீர்கள்.

பேனல் அடிக்க வேண்டி வந்தால் ஓரத்திலிருந்து ஓரம் வரை முழுதாக அடிக்க வேண்டும். நடுவில் ஒட்டுப்போட்டால் கோடு தெரியும். சாட்டின் கிளியரின் மினுமினுப்பு, பூச்சின் கனம், இரண்டு கோட்டுக்கு இடையே விடும் நேரம், ஸ்ப்ரே கன்னின் அழுத்தம் எல்லாவற்றையும் பொறுத்து மாறும். அதனால் முதலில் ஒரு தகட்டில் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். அதைக் காரின் பக்கத்துப் பேனலோடு ஒட்டிவைத்து, நேராக மட்டுமல்லாமல் சாய்வான கோணத்திலும் நிழலிலும் பாருங்கள். அடித்த பிறகு பூச்சில் தூசு விழுந்திருந்தால், சாதாரண காரில் செய்வதுபோல் உப்புத்தாள் போட்டு பஃப் செய்துகொடுக்க முடியாது. மறுபடி அடிக்கத்தான் வேண்டும், அதற்குத் தனியாகப் பணம் கேட்க மாட்டோம் என்று முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.